அழுகைக்கு இடம் கொடுத்த ஆலயங்கள்: வன்னியில் கிறிஸ்தவ நம்பிக்கையும் மன ஆறுதலும்

போர் தின்ற நிலத்தில் கடவுள் நம்பிக்கை மனப்பாரத்தைக் குறைக்குமா? குறைக்கும் என்றால் எந்த வழியில்? கவலைப்படாதே, அஞ்சாதே என்ற அறிவுரை வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டையும் காணியையும் பிள்ளையையும் இழந்து நிற்கும் ஒருவருக்கு அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அது ஆறுதலாக இறங்குமா, இன்னொரு அடியாக விழுமா? இலங்கையின் வடக்கே, வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழும் கிறிஸ்தவர்களுக்கு இவை வேதபாட வகுப்பில் எழுப்பி மறந்துவிடும் கேள்விகள் அல்ல. அவர்கள் ஒவ்வொரு நாளும் இவற்றோடுதான் படுத்து எழும்புகிறார்கள்.

வன்னியில் கிறிஸ்தவ நம்பிக்கை பலரைத் தாங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரித் தாங்கவில்லை. அழுகைக்கு இடம் கொடுத்தபோது தாங்கியது. துயரப்பட்டவருக்குப் பக்கத்தில் ஆள் துணையாக உட்கார்ந்தபோது தாங்கியது. அழுகையை அடக்கச் சொன்னபோதும், துயரத்துக்குத் துயரப்பட்டவரையே குற்றவாளியாக்கியபோதும் அதே நம்பிக்கை காயத்தை ஆழமாக்கியது. வன்னியின் அண்மைய வரலாற்றையும் உளவியல் ஆய்வுகளையும் சேர்த்து வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

பதற்றத்துக்குக் காரணங்கள் உண்டு

2009 மே மாதத்தில் முல்லைத்தீவின் முள்ளிவாய்க்காலில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தது. இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் சுட்டிக்காட்டியது. உயிர் தப்பி வந்தவர்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி போட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுள் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

அப்போது மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய மக்கள் தொகை 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நிறைவான பதில் இல்லை. ஆண்டகை 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார்.

இப்படிப்பட்ட இழப்பு மனதில் என்ன செய்யும்? 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பதற்ற அறிகுறிகள் 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 சதவீதத்தினரிடமும், நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் பதற்ற அறிகுறி 48.5 சதவீதமாக உயர்ந்தது. இறுதிப் போர் நடந்த மண்ணாக இல்லாத யாழ்ப்பாணத்திலேயே நிலைமை இதுவென்றால், அந்தப் போரின் நடுவே மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் பங்கருக்குள் நாட்களைக் கழித்தவர்களின் நிலையை ஊகிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், வன்னி மக்களின் துயரத்தைக் கூட்டு மனவடு என்ற நோக்கில் ஆராய்ந்து 2010இல் கட்டுரை எழுதினார். தனி ஒருவரின் மனம் மட்டும் காயப்படவில்லை. குடும்பத்தின் பிணைப்பு, அயலாரிடம் வைத்த நம்பிக்கை, கோயில் திருவிழா, மரணச் சடங்கு என்று ஒரு சமூகத்தை நிமிர்த்தி வைத்திருந்த எல்லாமே காயப்பட்டன என்பது அவர் முன்வைத்த கருத்தின் சாரம். தனி ஒருவருக்குக் குளிசை கொடுத்து இதைத் தீர்த்துவிட முடியாது. சமூகத்தின் கிழிசல்களையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆலயம் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான்.

துயரம் பழையது மட்டுமல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். கேப்பாப்புலவு போன்ற ஊர்களில் படையினர் வசமிருந்த காணிக்காக மக்கள் தெருவில் அமர்ந்து போராடினார்கள். கணவனை இழந்த பெண்கள் நுண்கடன் வலையில் சிக்கினார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே 2018இல் பொறுப்பேற்க நேர்ந்தது. 2022 பொருளாதார நெருக்கடி எஞ்சியிருந்ததையும் உலுக்கியது. நெஞ்சு படபடக்குது, நித்திரை வருகுதில்லை, தலையிடி மாறுதில்லை என்று ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் பெண்ணுக்குள் 2009உம் இந்த வாரக் கடன் தவணையும் ஒன்றாகவே இருக்கின்றன.

மடு: அடைக்கலமும் அதன் எல்லையும்

வன்னிக் காட்டின் மேற்குப் பகுதியில் இருக்கும் மருதமடு மாதா ஆலயத்தைத் தவிர்த்து இந்த மண்ணின் கிறிஸ்தவத்தைப் பேச முடியாது. அதன் தொடக்கமே அச்சத்தில்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையைச் சேர்ந்த சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. 1670இல் அது மருதமடுவில் வைக்கப்பட்டது என்பது ஆலய வரலாறு. குருமாரே இல்லாமற் போன அந்தச் சபையைத் தேடி, கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஆக, இங்குள்ள கத்தோலிக்கரின் நினைவில் இடம்பெயர்வும் நம்பிக்கையும் முதல் நாளிலிருந்தே சேர்ந்திருக்கின்றன.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் மடு வளாகம் பல்லாயிரம் பேரின் தங்குமிடமாயிற்று. கத்தோலிக்கர், சைவர் என்ற பேதமின்றி மரங்களின் கீழ் தறப்பாள் கட்டி ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். மாதாவின் காலடியில் செல் விழாது என்று நம்பினார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு செல் விழுந்தது. ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த சுமார் 40 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கி வந்தபோது சொரூபமே இடம்பெயர நேர்ந்தது. குருமார் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நம்பிக்கையை ஒரு பாதுகாப்பு ஒப்பந்தமாக மட்டும் எண்ணினால் 1999உடன் மடுவின் கதை முடிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆண்டுதோறும் யூலை 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கும் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். தென்னிலங்கைச் சிங்களக் கத்தோலிக்கரும் வருகிறார்கள். சைவரும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள். பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை கொழும்பில் யோசேப்பு வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து செபித்தார்.

செல் விழுந்த ஆலயத்துக்கு மக்கள் ஏன் திரும்பி வந்தார்கள்? இனி ஒன்றும் நடக்காது என்ற உறுதி அங்கே கிடைப்பதால் அல்ல. தங்களுக்கு நடந்ததை அந்த மாதாவும் அறிவாள், அவளும் தங்களோடு காட்டுப் பாதையில் அலைந்தவள் என்ற உணர்வால் வந்தார்கள். ஆபத்து விலகாதபோதும் கைவிடப்படவில்லை என்ற நிச்சயம் மனிதருக்கு வேண்டியிருக்கிறது. தனித்துப்போன பயத்துக்கும் துணையோடு இருக்கும் பயத்துக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. வன்னியில் நம்பிக்கை செய்த முதல் வேலை இந்தத் தூரத்தைக் கடக்க உதவியதுதான்.

புலம்பல் ஒரு செபம்

விவிலியத்தில் உள்ள 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாடல்கள். அவற்றைப் பாடியவர்கள் கடவுளைப் புகழ்ந்துகொண்டே இருக்கவில்லை. எத்தனை நாளைக்கு இப்படி, ஏன் ஒளிந்துகொண்டீர் என்று கேட்டார்கள். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட அதன் கடைசியில் ஒட்டப்படவில்லை. அதையும் வேதநூலாக்கித் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிலுவையில் தொங்கிய இயேசுவும் 22ஆம் திருப்பாடலின் புலம்பலைத்தான் வாயில் எடுத்தார்.

ஈழத்துக் கத்தோலிக்கரிடம் இந்தப் புலம்பல் மரபு தமிழ் வடிவம் பெற்று வாழ்கிறது. யோசேப்பு வாஸ் அடிகளைத் தொடர்ந்து 1705இல் இலங்கைக்கு வந்த கோவாக் குருவான யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள், இயேசுவின் பாடுகளைப் பற்றி வியாகுலப் பிரசங்கம் என்ற நூலைத் தமிழில் எழுதினார். சாங்கோபாங்க சுவாமி என்று தமிழர் அழைத்தது இவரைத்தான். தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் அந்த நூலை இராகமெடுத்துப் படிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பழகிய குரல் உள்ள ஆண்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆலயத்துக்குள் அமர்ந்து முறை மாறி முறை மாறிப் படிப்பார்கள். ஒரு வசனத்தின் இறுதிச் சொல்லை இழுத்து, மூச்சு முடியும்வரை நிறுத்தி, பின் அடுத்தவர் எடுப்பார். மரணவீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இழுப்பு அந்நியமே இல்லை. பின்வரிசையில் இருக்கும் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். யாருக்காக அழுகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. இயேசுவுக்காக அழும் நேரத்தில் தன் மகனுக்காகவும் அழுதுவிடலாம்.

போருக்குப் பிந்திய வன்னியில் இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். 2009க்குப் பின் பல ஆண்டுகள் இறந்தவரை வெளிப்படையாக நினைப்பதே சந்தேகத்துக்குரிய செயலாக இருந்தது. உளசமூகப் பணிகளுக்கும் அப்போது அரச அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. கூடி அழ வேறு இடமில்லாத காலத்தில் பெரிய வெள்ளியும், நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும் ஆத்துமாக்கள் தினமும் மிஞ்சின.

அந்த இடத்தையும் விரிவாக்க முயன்றவர்கள் உண்டு. 2017 மே மாதத்தில், கிழக்கு முள்ளிவாய்க்கால் புனித சின்னப்பர் ஆலயத்தை அடுத்து, இயேசு சபைக் குரு எழில் ராஜேந்திரம் அடிகளும் அவரோடு இணைந்தோரும் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து நினைவுகூர ஏற்பாடு செய்தார்கள். பொலிசார் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் அதற்குத் தடையுத்தரவு பெற்றார்கள். கல்லில் ஒரு பெயரைப் பொறிப்பதற்கே இத்தனை தடை. ஆனால் துயரம் ஆறுவதற்கு முதலில் வேண்டியது அந்தப் பெயர்தான். பெயர் சொல்லி அழாத இழப்பு உடலுக்குள் இறங்கி நோயாகலாம்.

எந்தப் பட்டியலில் எழுதுவது?

பங்கு ஆலயங்களில் பூசை ஒப்புக்கொடுக்க விரும்புவோர் ஒரு துண்டில் கருத்தை எழுதிக் கொடுப்பார்கள். இறந்தவர் என்றால் ஆன்ம இளைப்பாற்றிக்காக. உயிரோடு இருப்பவர் என்றால் சுகத்துக்காக, நன்மைக்காக. பூசைக்கு முன் குருவானவர் அந்தப் பெயர்களை வாசிப்பார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் தாய் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவாள்? இளைப்பாற்றி என்று எழுதினால் தானே மகனைக் கொன்றதுபோல் ஆகிவிடும். நன்மைக்காக என்று எழுதினால் இத்தனை ஆண்டுகளாக ஏன் வரவில்லை என்று மனம் கேட்கும்.

இந்த நிலைக்கு உளவியலில் தெளிவற்ற இழப்பு என்று பெயர். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராயத் தொடங்கிய பவுலின் போஸ், 1999இல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாக எழுதினார். இறப்பென்று உறுதியானால் சடங்கு செய்து அழுது மெல்ல மீளலாம். உறுதியில்லாதபோது துயரம் உறைந்து நிற்கிறது. இந்தக் குடும்பங்களை மறக்கச் சொல்வதும், காணாமற்போனவர் இறந்ததாக ஏற்றுக்கொள்ளச் சொல்வதும் பயன் தருவதில்லை; இறந்திருக்கலாம், திரும்பியும் வரலாம் என்ற இரண்டையும் ஒருசேரச் சுமக்க உதவுவதே வழி என்பது அவர் நிலைப்பாடு.

கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. அங்கே அமர்ந்தவர்களில் சைவரும் கிறிஸ்தவரும் இருந்தனர். குருமாரும் கன்னியர்களும் வந்து அவர்களோடு அமர்ந்தார்கள். ஆண்டுகள் ஓடின, பதில் தெரியாமலே பல தாய் தந்தையர் இறந்துவிட்டார்கள்.

கத்தோலிக்க மரபில் மாதாவின் ஏழு வியாகுலங்கள் என்று ஒரு தியானம் உண்டு. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் ஏந்திய தாயின் உருவம் அதில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தத் தாய்க்கு மகனின் உடலாவது கிடைத்தது. கிளிநொச்சித் தாய்க்கு அதுவும் கிடைக்கவில்லை. அவளுக்கு நெருக்கமானது மூன்றாவது வியாகுலம் என்று எனக்குத் தோன்றுகிறது: எருசலேமில் பன்னிரண்டு வயது மகனைத் தவறவிட்டு, மூன்று நாட்கள் தேடி அலைந்த தாய். தேடும் தாயும் புனிதமானவளே, தேடுவது அவிசுவாசம் இல்லை என்பதை அந்தத் தியானம் சொல்கிறது. இந்தத் தாய்மாரைப் பார்த்து, நடந்ததை மறந்து செபியுங்கள் என்று சொல்லும் எவரும் தம் மரபைச் சரியாகப் படிக்கவில்லை. மகன் திரும்பி வரவேண்டும் என்ற கருத்தையும், அவன் எங்கிருந்தாலும் கடவுள் கையில் இருக்கட்டும் என்ற கருத்தையும் ஒரே பூசையில் ஒப்புக்கொடுக்க இடமளிக்கும் குரு, பவுலின் போஸ் சொன்னதையே செய்கிறார்.

செபமாலையும் மூச்சும்

ஆறுதல் உடலிலும் நடக்கிறது. இத்தாலிய ஆய்வாளர் லுச்சியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் 2001 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 நலமான பெரியவர்கள் இலத்தீன் மொழியில் செபமாலையின் மரியே வாழ்க செபத்தைச் சொன்னபோதும், யோக மந்திரம் ஓதியபோதும் அவர்களது மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு தடவையாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சீராக வைக்கும் உடலின் இயல்பான பொறிமுறை வலுப்பட்டது. ஒருவர் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லும் முறையே மூச்சை அந்த ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது.

சிறிய ஆய்வுதான். நோயாளிகளை வைத்துச் செய்ததும் அல்ல. ஆனாலும், பின்னேரம் விளக்கேற்றி வீட்டார் கூடிச் செபமாலை சொல்லும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. செல் சத்தத்தில் உறைந்துபோன உடலுக்கு, தெரிந்த சொற்களை, தெரிந்த தாளத்தில், தெரிந்தவர்களோடு திரும்பச் சொல்வது பிடிமானம். சிந்திக்கும் சக்தி இல்லாத நேரத்திலும் நாக்கு அதை அறியும். முகாம் வாழ்வில் நாளும் கிழமையும் குழம்பிப்போனபோது, ஞாயிறு என்ற ஒரு நாளைப் பூசை திருப்பிக் கொடுத்தது. தவக்காலம், பாஸ்கு, கொடியேற்றம், நவநாள் என்று ஆண்டு மீண்டும் உருவெடுத்தது. பதற்றம் எதிர்காலத்தை இருட்டாகக் காட்டும். அடுத்த வெள்ளி என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது அதற்கு ஒரு சிறிய மருந்து.

எலியா இறைவாக்கினரின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. உயிருக்கு அஞ்சி ஓடி, பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் படுத்து, சாவே வேண்டும் என்று கேட்டவர் அவர். வந்த தூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், எழுப்பி மறுபடியும் உணவு கொடுத்தார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். மன்னார் மறைமாவட்டத்தின் சமூகப்பணி அமைப்பான வாழ்வுதயமும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் கியூடெக்கும் கிணறு, வீடு, தொழில், பிள்ளைகளின் படிப்பு என்று செய்து வந்த வேலைகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கடன் தவணை தீராத பெண்ணிடம் கவலைப்படாதே என்று சொல்வதை விட, தவணையைக் கட்ட ஒரு வழி காட்டுவது பெரிய செபம்.

இரணைதீவுக்கு ஓடிய வள்ளங்கள்

நம்பிக்கை மனிதரை மடக்கிப் போட்டுவிடும், உரிமை கேட்கும் குரலை மழுங்கடிக்கும் என்ற குற்றச்சாட்டு பழையது. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிக் கடலில் உள்ள இரணைதீவு மக்களின் கதை அதற்குப் பதிலாக நிற்கிறது.

1992இல் போர் அவர்களைத் தீவிலிருந்து பெயர்த்தது. முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் குடியேறினார்கள். போர் முடிந்த பின்னும் தீவு கடற்படையின் பிடியில் இருந்தது. பெரும்பாலும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். கரையில் இருந்துகொண்டே தம் தீவைப் பார்த்துக் கால் நூற்றாண்டு கழித்தார்கள். 2017 மே 1ஆம் திகதி தொடர் போராட்டம் தொடங்கினார்கள். கடிதங்கள் எழுதினார்கள், கொழும்புக்கும் போனார்கள். பயனில்லை என்று கண்டபின் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிய வள்ளங்களில் நூற்றுக்கணக்கானோர், பெண்களும் குருமாரும் சேர்ந்து, கடற்படை நிற்கும் தீவுக்கே போனார்கள். இறங்கியதும் தங்கள் பழைய ஆலயத்துக்குப் போய்ச் செபித்தார்கள். அங்கேயே தங்கினார்கள். பாழடைந்த வீடுகளுக்கு நடுவே சமைத்தார்கள். அடுத்த மாதமே அதிகாரிகள் வந்து பேச வேண்டியதாயிற்று.

அன்று வள்ளத்தில் ஏறியவர்களுக்குப் பயம் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயத்தோடு அவர்கள் தனித்தனியே வீட்டில் இருக்கவில்லை. கூடிச் செபித்துவிட்டு ஒன்றாக ஏறினார்கள். காணி இல்லாத கவலைக்கு மருந்து காணிதான். அந்தக் காணியை நோக்கி நடக்கும் தெம்பை நம்பிக்கை கொடுத்தது. ஆறுதலும் நீதியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு வன்னியில் இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

நம்பிக்கை காயப்படுத்தும் இடம்

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சமயமும் துன்பமும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கெனத் பார்கமென்ட், துன்ப காலத்தில் மனிதர் சமயத்தைப் பயன்படுத்தும் வழிகளை இரண்டாகப் பிரித்தார். கடவுள் என்னோடு இருக்கிறார், சபை என்னைத் தாங்குகிறது என்று உணர்வது ஒன்று. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று வெதும்புவது மற்றது. வயது முதிர்ந்த 596 நோயாளிகளை அவரும் சக ஆய்வாளர்களும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது வகை மனப்போராட்டத்தில் இருந்தோருக்கு இறப்பு ஆபத்தே கூடியிருந்தது. சமயம் எப்போதும் நன்மைதான் என்று எண்ணுவோர் இந்த முடிவைப் பலமுறை படிக்க வேண்டும்.

போருக்குப் பின் வன்னியின் சந்திகளிலும் ஒழுங்கைகளிலும் பல ஜெபக்கூடங்கள் எழுந்தன. அவற்றால் பலர் நன்மை பெற்றார்கள் என்பதை மறுப்பது நேர்மையல்ல. குடிப்பழக்கத்தை விட்ட ஆண்கள் உண்டு. சாட்சி சொல்லும் வேளையில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் கதையைச் சொன்ன பெண்கள் உண்டு. பெயர் சொல்லி அழைத்துத் தலையில் கைவைத்துச் செபிக்கும் ஒருவர், முகாமில் இலக்கமாக மட்டும் இருந்த ஒருவருக்கு மனிதத் தொடுகையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் பூர்வீகப் பாவத்தால் வந்த தண்டனையே இந்தப் போர் என்று போதிப்பதும், சுகம் கிடைக்கவில்லை என்றால் விசுவாசம் போதாது என்று சொல்வதும், மனநோய்க்கும் வலிப்புக்கும் எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வதும் பாரதூரமானவை. பசியையும் கடனையும் கருவியாக்கி மதம் மாற்ற முயல்வது, ஏற்கெனவே சிதைந்த அயலுறவில் இன்னொரு பிளவைப் போடும். கத்தோலிக்கப் பங்குகளும் தப்பவில்லை: தற்கொலை செய்தவரின் குடும்பத்தை ஒதுக்கிப் பார்க்கும் பழைய பார்வை இன்னும் முற்றாகப் போகவில்லை.

பதறுகிறவர் விசுவாசம் குறைந்தவர் என்று நினைப்போர் கெத்சமனித் தோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். இயேசுவே அங்கே வியர்வை சிந்தக் கலங்கினார். அந்த இரவில் அவர் தன் நண்பர்களிடம் கேட்டது, தன்னோடு விழித்திருங்கள் என்பதே. அவர்களோ தூங்கிவிட்டார்கள். பதறும் ஒருவருக்குச் சபை செய்ய வேண்டியதும், பெரும்பாலும் செய்யத் தவறுவதும் அந்த விழித்திருத்தல்தான்.

ஆலயமும் ஆஸ்பத்திரியும்

அனர்த்த காலங்களில் உளநலப் பணி எப்படி நடக்க வேண்டும் என்று ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, மக்களின் சமய, பண்பாட்டு வழியான ஆறுதல் முறைகளுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. அவற்றைக் கண்மூடி ஏற்கும்படி அது சொல்லவில்லை. தீங்கு தருவனவற்றை இனங்காணவும் சொல்கிறது. வன்னிக்குப் பொருந்தும் அளவுகோலும் இதுவே. துயரத்தைப் பேசவிடும் வழிபாடு, வீடு தேடி வரும் கன்னியர், தாழ்த்திப் பேசாத பாஸ்டர், பெயர் வாசிக்கும் பூசை: இவை ஆற்றும். அச்சுறுத்தும் பிரசங்கமும் மருந்தைத் தடுக்கும் செபமும் நோகடிக்கும்.

சாதாரண துயரத்துக்குச் சபையின் துணை போதுமானதாக இருக்கலாம். வாரக்கணக்காக நித்திரை இல்லாமலும் சாப்பாடு இறங்காமலும் இருப்பவருக்கும், சாகவேண்டும் என்று சொல்பவருக்கும், இல்லாத குரல்கள் கேட்பவருக்கும் மருத்துவரின் உதவி அவசியம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். விசர் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயத்தால் பலர் அந்தப் படியை மிதிப்பதில்லை. பங்குத்தந்தையோ பாஸ்டரோ கூட வந்தால் அந்தப் பயம் பாதியாகும்.

எனவே வன்னியின் சபைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். தவக்காலத்தில் இயேசுவுக்காக அழ இடம் கொடுக்கும் ஆலயம், மே மாதத்தில் பிள்ளைகளுக்காக அழவும் இடம் கொடுக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களைப் பூசையில் வாசியுங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல என்பதைப் பிரசங்க மேடையிலிருந்தே சொல்லுங்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிலரையாவது உளவளத்துணைக்குப் பயிற்றுவியுங்கள். சபையாருக்கும் ஒரு சொல்: உங்கள் ஒழுங்கையில் நித்திரை இல்லாமல் இருக்கும் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். கவலைப்படாதே என்று சொல்லாமல், இன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் பக்கத்தில் இருங்கள்.